ரிட்டையர் ஆனவர் பிஸியாக இருந்தே ஆக வேண்டுமா?

கருவூலத்தான்:
மே 31 அன்று ரிட்டையர் ஆனேன். கருவூலத்தில் 36 வருஷ சர்வீஸ். சால்வை போட்டு, காரில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அடுத்து என்ன சார் பண்ணப் போறீங்க?" ஒன்றும் பண்ணப் போவதில்லை என்றால் முகம் மாறிவிடுகிறது, உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா என்று விசாரிக்கிறார்கள். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கூப்பிட்டார்கள், ஒரு கல்லூரி அலுவலகத்தில் தொகுப்பூதியத்துக்குக் கூப்பிட்டார்கள், இரண்டும் வேண்டாம் என்றுவிட்டேன்.

நிதியாண்டு முடிகிற மார்ச் மாதம் கருவூலம் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். என் பையன் பிறந்தநாள் மார்ச் கடைசி வாரத்தில் வரும். அவன் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க ஒரு தடவைகூட அன்றைக்கு அவன் தூங்குவதற்குள் நான் வீடு வந்து சேர்ந்ததில்லை. இப்போது பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன், நடக்கிறேன், மத்தியானம் தூங்குகிறேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாளே போய் உட்கார்ந்து பேசுகிறேன். இதில் என்ன குறை? இன்னொன்று. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020 மே மாதம் 58லிருந்து 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். அந்த இரண்டு வருஷம் எங்களுக்கு லாபம், அரசு வேலைக்குக் குரூப் 4 தேர்வு எழுதிக் காத்திருந்த பிள்ளைகளுக்குக் காலியிடம் தள்ளிப் போனது. இதற்கு மேலும் தொகுப்பூதியத்தில் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

பழைய டெலிபோன்காரர்:
சார், ஆறு மாதம் கழித்து இதையே எழுதுங்கள், அப்புறம் பேசுவோம். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) கொடுத்து சுமார் 78,000 பேர் ஒரே நாளில் வெளியே வந்தோம். 50 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும்தான் அந்தத் திட்டம், எனக்கு அப்போது 54. நீங்கள் சொல்கிற அதே நினைப்போடுதான் நானும் வந்தேன், பேப்பர், வாக்கிங், மத்தியானத் தூக்கம் எல்லாம். இரண்டு மாதம் முடிவதற்குள் ஊரடங்கு. ஆனால் ஊரடங்கு முடிந்த பிறகும் எனக்கு அந்த வெறுமை தீரவில்லை. காலையில் எழுந்தால் யாராவது போன் பண்ணி "லைன் டெட் சார்" என்று சொல்லமாட்டார்களா என்று இருக்கும். மத்தியானத் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது, சர்க்கரை ஏறியது, வீட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சத்தம் போட ஆரம்பித்தேன்.

இப்போது பக்கத்து ஊர் கேபிள் ஆபரேட்டருக்கு ஃபைபர் ஜாயிண்ட் போட்டுக் கொடுக்கிறேன். இழையை ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, கிளீவரில் வெட்டி, மெஷினில் வைத்தால் திரையில் இரண்டு முனையும் எதிரெதிரே வந்து நிற்கும். ஒட்டிய பிறகு லாஸ் (ஒளி இழப்பு) 0.02 டெசிபல்தான் என்று காட்டினால் அன்றைக்குச் சாப்பாடு தனி ருசி. கூட வரும் பையன்கள் இருவருக்கும் இந்த வேலை தெரியாது, நான்தான் கற்றுக்கொடுத்தேன். யார் பிழைப்பையும் பறிக்கவில்லை. மனுஷனுக்கு வேலை வேண்டும் சார், அது பணத்துக்காக மட்டும் இல்லை.

கருவூலத்தான்:
உங்கள் கதையும் என் கதையும் ஒன்றில்லை. 54 வயதில் திடீரென்று முடிவெடுத்து வெளியே வந்தீர்கள், எனக்குத் தேதி பல வருஷம் முன்பே தெரியும். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. சும்மா இருக்கக் கூடாது என்று பதறுகிறவர்கள்தான் கிராஜுவிட்டியைத் தொலைக்கிறார்கள். 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் வரிசையாகக் கவிழ்ந்தது ஞாபகம் இருக்கிறதா? என் சித்தப்பா ரிட்டையர் ஆன கையோடு "ஏதாவது செய்யணுமே" என்று அதில் ஒன்றில் போட்டார், ஒரு ரூபாய் திரும்பவில்லை. அதே பணத்தைத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வந்துகொண்டே இருந்திருக்கும். 2023லிருந்து அதில் 30 லட்சம் வரை போடலாம், முன்பு 15தான்.

எட்டாம் வகுப்பு டீச்சர்:
கருவூலம் சார், உங்களுக்கு ஓய்வு கிடைத்தது, சந்தோஷம். உங்கள் வீட்டம்மாவுக்குக் கிடைத்ததா? காலை காபி, பத்து மணிக்கு ஏதாவது கொறிக்க, மத்தியானம் சூடாக ரசம், நாலு மணிக்கு மறுபடி காபி. நீங்கள் ஆபீஸ் போன நாட்களில் அவர்களுக்குப் பகலில் கிடைத்த அந்த நாலைந்து மணி நேரமும் இப்போது போயிற்று. பல வீடுகளில் இதை நான் பார்க்கிறேன்.

பெண்களுக்கு வேறு கதை. நான் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மகன், மகள் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுவிட்டார்கள், அம்மா ஆறு மாதம் அமெரிக்கா, ஆறு மாதம் சென்னை என்று. பிரசவத்துக்குப் போனேன், அது என் கடமை. அதற்குப் பிறகு விடுமுறைக்கு மட்டும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1000 ரூபாய். கல் உடைக்கப் போகிறவர் வீட்டில் அந்த ஆயிரம் என்ன செய்யும் தெரியுமா, பெண்ணின் படிப்பை நிறுத்துகிற பேச்சே எழாது. மனத்திறன் தாளில் கண்ணாடிப் பிம்பக் கேள்வி வரும்: கண்ணாடியில் கடிகாரம் 3:20 காட்டினால் உண்மையான நேரம் என்ன? 11:60லிருந்து கழி, 8:40 என்று சொல்லிக்கொடுத்தால் அடுத்த வாரம் மறந்துவிடுகிறார்கள். அதனால் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, 3:20 வைத்து, நிலைக்கண்ணாடி முன்னால் பிடிக்கச் சொன்னேன். ஒருத்தி பார்த்துவிட்டு, "டீச்சர், இது எட்டு நாற்பதேதான்" என்று கத்தினாள். சம்பளம் வாங்கவில்லை, எந்த இளைஞரின் இடமும் போகவில்லை. உங்களுக்கு ஏன் இது ஒத்துவராது?

ஓஎம்ஆர் மகள்:
நான் கருவூலம் அங்கிள் பக்கம். எங்கள் அப்பா ரிட்டையர் ஆனதிலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோயில் கமிட்டி, பென்ஷனர் சங்கம். முன்பாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார். இப்போது அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக நான் லீவு போட வேண்டியிருக்கிறது. பிஸியாக இருப்பதை எல்லாரும் பாராட்டுகிறார்கள், அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை.

மில் ரோடு:
எல்லாரும் பென்ஷன் வாங்குகிறவர்களாகவே பேசுகிறீர்கள். கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்) ஓட்டியவன் நான், 58ல் முடிந்தது. இபிஎஃப் பென்ஷன் கைக்கு வருவது மூவாயிரத்துக்குக் கீழே. குறைந்தபட்சம் 1000 என்று 2014ல் வைத்தார்கள், இன்னும் அதை மட்டும் வாங்குகிறவர்களும் என்னோடு வேலை பார்த்தவர்களில் இருக்கிறார்கள். அதனால் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி, 12 மணி நேர டூட்டி. கடைகளில் நிற்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021ல் சட்டம் கொண்டுவந்தார்கள்; நான் நிற்கிற கேட்டுக்கு இன்னும் நாற்காலி வரவில்லை, முட்டி ரெண்டும் வீங்கிவிடுகிறது. கருவூலம் சார் சும்மா இருக்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை, உழைத்தவர் இருக்கலாம். மனுஷனுக்கு வேலை வேண்டும், பணத்துக்காக மட்டும் இல்லை என்று டெலிபோன் அண்ணன் எழுதியதைத்தான் படிக்க முடியவில்லை. எனக்கு முழுக்கப் பணத்துக்காகத்தான்.

பழைய டெலிபோன்காரர்:
தம்பி, நீங்கள் சொல்வது வேறு விஷயம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த வயதில் 12 மணி நேரம் நிற்க வைப்பது அநியாயம். நான் பேசுவது மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு. அவர்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தால் கெட்டுப்போவார்கள் என்பதிலிருந்து நான் மாறவில்லை.

கருவூலத்தான்:
டீச்சரம்மா, காலைக் காபி நான்தான் போடுகிறேன், மார்க்கெட்டும் ரேஷனும் என் பொறுப்பு. மத்தியானச் சமையலைப் பற்றி நீங்கள் கேட்டது வீட்டில் பேச வேண்டிய விஷயம், பேசுகிறேன். ஆனால் ஒத்துவராதா என்று கேட்டால், இப்போதைக்கு வராது. தினம் இத்தனை மணிக்கு இங்கே இருந்தாக வேண்டும் என்ற எதையும் கொஞ்ச நாளைக்கு நான் வைத்துக்கொள்வதாக இல்லை, அது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும் சரி.

மில் ரோடு, ஒன்று பாருங்கள். 1995 நவம்பருக்குப் பிறகு உங்கள் சர்வீஸ் 20 வருஷம் தாண்டி, 58 முடிந்து வெளியே வந்திருந்தால், பென்ஷன் கணக்கில் 2 வருஷம் கூட்டிப் போடவேண்டும். பலருக்கு, பழைய மில் பிஎஃப் நம்பரும் புதிய நம்பரும் சேராததால் சர்வீஸே குறைவாகப் பதிவாகி, இது விட்டுப்போயிருக்கும். பிபிஓவில் (பென்ஷன் உத்தரவில்) சர்வீஸ் எத்தனை வருஷம் என்று போட்டிருக்கிறது? பெயர், நம்பர் எல்லாம் மறைத்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் இங்கே போடுங்கள், நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

மில் ரோடு:
எனக்கு இது யாரும் சொல்லவில்லை சார். நடுவில் மில் கைமாறியது, நம்பரும் மாறியது. நைட் டூட்டி முடித்து வந்து எடுத்துப் போடுகிறேன்.