அகரம் வீட்டு ஆளுங்க குரூப்: டெண்டர் உருகுன கதை

2/11 ஞாயிறு

6:12 சீனு சித்தப்பா: (படம்) பார்சல் வந்துடுச்சு!! லண்டன்ல இருந்து பாபு அனுப்புனது. பெட்டி நிறைய பிளாஸ்டிக் துண்டு, எல்லாத்தையும் ஒட்டி பெயின்ட் அடிச்சா ஸ்டீம் எஞ்சின்

6:14 ரமேஷ் மாமா: இன்னா மச்சான் சீப்பு செட்டு மாரி கீது

6:15 சீனு சித்தப்பா: அது ஃபிரேம் மாமா. ஒன்னொன்னா கட் பண்ணி எடுத்து பிசிறு ராவி ஒட்டணும். மோல்டு ரொம்ப பழசு போல, பிசிறு கொஞ்சம் ஜாஸ்தி தான்

6:19 விக்கி: இது என்ன எஞ்சின் சித்தப்பா

6:26 சீனு சித்தப்பா: ஈவினிங் ஸ்டார்னு பேரு. இங்கிலாந்து ரயில்வே கடைசியா கட்டுன ஸ்டீம் எஞ்சின், 1960ல ஸ்விண்டன் ஒர்க்ஸ்ல செஞ்சது, நம்பர் 92220. 9எஃப்னு கிளாஸ், மொத்தம் 251 எஞ்சின், அதுல இது ஒன்னு மட்டும் பச்சை கலர், புகைபோக்கி உச்சில செம்பு வளையம், மத்த 250ம் கறுப்பு. 65லயே சர்வீஸ்ல இருந்து எடுத்துட்டான், இப்ப அவங்க மியூசியத்து சொத்து

6:40 தாத்தா: 5 வருசம் ஒரு எஞ்சினுக்கு வயசாடா. 1855ல செஞ்ச ஃபேரி குயின நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல 97ல ரெடி பண்ணி ஓட வச்சோம்

6:41 ரமேஷ் மாமா: மாமா ஆரம்பிச்சிட்டாரு 🙏

6:43 மலர் சித்தி: எஞ்சின் இருக்கட்டும், எங்க வீட்டு டைனிங் டேபிள யாராவது பாத்தீங்களா. நேத்து ராத்திரி தரையில குந்தி தான் சாப்புட்டோம்

9/11 ஞாயிறு

11:02 சீனு சித்தப்பா: (படம்) பாய்லர் ரெண்டு பாதியும் ஒட்டியாச்சு. முதல்ல எல்லா பார்ட்டையும் சோப்பு தண்ணில கழுவணும், மோல்டுல தடவுற எண்ணெய் ஒட்டிக்கினு இருக்கும், கழுவாம விட்டா பெயின்ட் பிடிக்காது. பசை வந்து நம்ம சாதா பசை இல்ல, பிளாஸ்டிக்கையே லேசா கரைச்சு ஒன்னா சேக்குற டைப்பு. இன்ஸ்டன்ட் பசை கேபின் கண்ணாடி பக்கமே போகக்கூடாது, அதோட ஆவி பட்டா கண்ணாடி பனி புடிச்ச மாதிரி ஆயிடும் (எப்படி தெரியும்னு கேக்காதீங்க)

11:05 ரமேஷ் மாமா: மச்சான் எனக்கு ஒரு ஐடியா. மூக்குல கூம்பு மாரி ஒன்னு வச்சி ஸ்டாரு ஒட்டிட்டா நம்ம டபிள்யூ.பி எஞ்சின் ஆயிடும்ல? சின்ன வயசுல பேசின் பிரிட்ஜ்ல பாப்பேன் சோக்கா இருக்கும்

11:09 தாத்தா: மாப்ள சக்கரத்த எண்ணுங்க

11:09 ரமேஷ் மாமா: ??

11:13 தாத்தா: டபிள்யூ.பி 4-6-2. முன்னாடி ரெண்டு ஆக்சில் சின்ன சக்கரம், நடுவுல 3 பெருசு, பின்னாடி 1 சின்னது. பாசஞ்சர் எஞ்சின், ஸ்பீடு வேணும், சக்கரம் பெருசு. இது 2-10-0. முன்னாடி 1, அப்புறம் 5 ஆக்சில் வரிசையா. கூட்ஸ் இழுக்கிற மாடு. மூக்க மாத்துனா மாடு குதிர ஆயிடுமா

11:14 ரமேஷ் மாமா: தெரியாம கேட்டுட்டேன் மாமா 🙏🙏

11:20 விக்கி: அஞ்சு ஆக்சில் வரிசையா இருந்தா வளைவுல எப்படி திரும்பும்

11:24 சீனு சித்தப்பா: நிஜ எஞ்சின்ல நடு ஜோடி சக்கரத்துக்கு ஃபிளாஞ்சே (தண்டவாளத்த உள்பக்கம் புடிச்சிக்கிற விளிம்பு) கிடையாது, தண்டவாளத்து மேல சும்மா உருளும்

11:31 விக்கி: எவ்ளோ நீளம் வரும்

11:38 சீனு சித்தப்பா: 26 செமீ. நிஜ எஞ்சினும் டெண்டரும் (பின்னாடி நிலக்கரி, தண்ணி ஏத்திக்கிற வண்டி) சேத்து 66 அடி, ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கு. 1க்கு 76. ஆனா இதுல ஒரு கூத்து இருக்கு, ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இடைவெளி மட்டும் 16.5 மிமீ. கணக்குப்படி அவங்க ஊரு லைனுக்கு 18.83 வரணும். அந்த காலத்துல மோட்டார் பெருசு, இங்கிலீஷ் எஞ்சின் உடம்பு சின்னது, மோட்டார் உள்ள போகலன்னு உடம்ப மட்டும் பெருசாக்கிட்டு தண்டவாளத்த அப்படியே விட்டுட்டாங்க

11:45 தாத்தா: ரெண்டேகால் மில்லிமீட்டர் தப்பா வச்சிக்கிட்டு இத்தன வருசமா ஓட்றாங்களா

11:46 சீனு சித்தப்பா: ஆமா நைனா

11:47 தாத்தா: நம்ம பிராட்கேஜ் எவ்ளோ வரும்

11:49 சீனு சித்தப்பா: நம்ம லைன் இடைவெளி 1676 மிமீ, அத 76ஆல வகுத்தா 22 மிமீ. இந்த லைன்ல வச்சா நம்ம எஞ்சின் ஒத்தக்கால்ல நிக்கிற மாதிரி தான்

11:58 வண்ணாரப்பேட்டை அத்தை: காலை வணக்கம் 🌹 இனிய ஞாயிறு

19/11 புதன்

8:30 சீனு சித்தப்பா: (படம்) சக்கரம், சக்கரத்த சேத்து ஓட்டுற ராடு எல்லாம் மாட்டியாச்சு. நேத்து நைட்டு 1 மணி வரைக்கும் விக்கியும் நானும்

8:52 தாத்தா: பிரிச்சி எடு

8:52 சீனு சித்தப்பா: என்னது

8:55 தாத்தா: ரெண்டு பக்கமும் ராடு ஒரே எடத்துல நிக்குது. வலது பக்கமும் இடது பக்கமும் கால் சுத்து தள்ளி இருக்கணும்

8:56 ரமேஷ் மாமா: சும்மா ஷோகேஸ்ல நிக்கப்போற எஞ்சினுக்கு இன்னாத்துக்கு மாமா

9:10 தாத்தா: (குரல் செய்தி 1:12)

9:31 விக்கி: ஆபீஸ்ல இருக்குறவங்களுக்கு டைப் பண்றேன். தாத்தா சொல்றாரு: சைக்கிள் பெடல் நேரா மேல ஒன்னு கீழ ஒன்னு நின்னா மிதிச்சா போகுமா, போகாது, அதே மாதிரி ஒரு பக்கத்து பிஸ்டன் கடைசில போய் முட்டி நிக்கிறப்ப ஸ்டீம் எவ்ளோ தள்ளுனாலும் சக்கரம் அசையாது, அந்த நேரம் அடுத்த பக்கத்து பிஸ்டன் பாதி வழில இருக்கணும், அது இழுத்து விட்டுடும். ரெண்டும் ஒரே எடத்துல நின்னா டேஷன்ல நின்ன வண்டி நின்னது தான். பாக்குறவனுக்கு தெரியாதுன்றது ஒரு காரணமா, எனக்கு தெரியுதுல்ல. முற்றும்

9:33 சீனு சித்தப்பா: பிரிக்கிறேன் நைனா 😔

20/11 வியாழன்

9:15 சீனு சித்தப்பா: கலர் விஷயம். எனக்கு பச்சை வேணாம். கறுப்பு அடிக்கப்போறேன், நைனா காலத்து எஞ்சின் மாதிரி

9:18 தாத்தா: அப்ப பேர் பலகைய ஒட்டாத. பேரு வச்சா பச்சை. கறுப்புன்னா 250ல ஒன்னு

9:19 சீனு சித்தப்பா: சரி. கறுப்பு டின் வாங்கிட்டேன்

9:22 தாத்தா: அந்த கறுப்பு வேலைக்கு ஆவாது

9:22 மலர் சித்தி: கடவுளே

9:40 தாத்தா: (குரல் செய்தி 4:38)

10:25 விக்கி: இதையும் நானே டைப் பண்றேன், ரெண்டு தடவ கேட்டேன். "டின்னுல இருக்கிற கறுப்ப அப்படியே அடிச்சா ஷூ பாலிஷ் போட்ட பொம்ம மாதிரி இருக்கும் சீனு, கொஞ்சம் சாம்பல், ஒரு சொட்டு பிரவுன் கலந்துக்கோ, தூரத்துல நிக்கிற எஞ்சின் எவனுக்கும் கறுங்கறுப்பா தெரியாது. ஸ்மோக்பாக்ஸ், அதான் முன்னாடி உருண்டை, அது சூட்டுல பெயின்ட் வெந்து பளபளப்பே இல்லாம சாம்பல் பூத்து இருக்கும், அத பாய்லரோட ஒரே கலர்ல அடிச்சேன்னா நீ எஞ்சினயே பாத்தது இல்லன்னு அர்த்தம். பாய்லர் பக்கவாட்டுல கிளீனர் பையன் எண்ணெய்ல நனைச்ச காட்டன் வேஸ்ட் வச்சி தொடைப்பான், அவன் கை எட்டுற வரைக்கும் மினுக்கும், அதுக்கு மேல புகைக்கரி. ரன்னிங் போர்டு, அதான் பாய்லர் ஓரமா நடக்கிற பலகை, அதுக்கு கீழ கதையே வேற, ஜல்லி தூசி, பிரேக் கட்டை தேஞ்சி பறக்கிற இரும்புத்தூள் எல்லாம் சேந்து காபிப்பொடி கலர். ராடுல துரு அடிக்காத டா, ஓடுற எஞ்சின் ராடு துரு புடிக்காது, எண்ணெய் வழிஞ்சி கறுப்பா தான் இருக்கும், துரு அடிச்சா அது காயலான் கடை எஞ்சின். சக்கரத்துல தண்டவாளம் படுற எடம் மட்டும் வெள்ளி மாதிரி. கேபின்ல ஏர்ற கைப்புடி, டிரைவர் கை பட்டு பட்டு மின்னணும். அப்புறம் பாய்லர் கழுவுற அடைப்பான் எங்க எங்க இருக்கோ அதுக்கு கீழ வெள்ளையா ஒரு கோடு, உப்பு தண்ணி கசிஞ்சி காஞ்சது, நம்ம வீட்டு குழாய்க்கு கீழ இருக்கே அதே மாதிரி. மெல்லிசா. ரெண்டு எடம் போதும், பத்து எடத்துல போட்டா அந்த எஞ்சின ஷெட்ல இருந்து வெளியவே விட மாட்டான்."

10:31 ரமேஷ் மாமா: மாமா 🫡 நானு ஐசிஎஃப் மியூசியத்துல பாத்தேன் எல்லாம் பளபளன்னு தான் கீது

10:34 தாத்தா: அது கல்யாண மாப்பிள்ள. வேலைக்கு போறவன் அப்டி இருக்க மாட்டான்

10:50 மலர் சித்தி: மாமா நீங்க ஒரு தடவ கூட வீட்டு குழாய பத்தி இவ்ளோ கவலப்பட்டது இல்ல. அந்த வெள்ளை கறைய நான் தான தேய்க்கிறேன்

28/11 வெள்ளி

7:40 சீனு சித்தப்பா: (படம்) போச்சு

7:41 விக்கி: ஐயோ என்னாச்சு

7:46 சீனு சித்தப்பா: எல்லா கலரும் முடிஞ்சி கிளாஸ் கோட் (பளபள வார்னிஷ்) அடிச்சி அதுமேல நம்பர் ஸ்டிக்கர், அதான் தண்ணில ஊற வச்சி நகத்தி ஒட்டுறது, அதுவும் சுத்தமா உக்காந்துச்சு (பளபளப்பு இல்லாத எடத்துல ஒட்டுனா அடியில காத்து நின்னு வெள்ளி மாதிரி தெரியும், அதனால முதல்ல கிளாஸ்), கடைசியா பளபளப்ப கொறைக்கிற மேட் வார்னிஷ் ஸ்பிரே, அது ஒன்னு தான் பாக்கி, அவசரப்பட்டு நேத்து மொட்ட மாடி ரூம்ல அடிச்சேன், மழை ஈரம், டெண்டர் பக்கம் முழுக்க வெள்ளையா பூத்துடுச்சு

7:49 ரமேஷ் மாமா: தின்னர் போட்டு ஒரு தொட தொடச்சிடு மச்சான்

7:50 சீனு சித்தப்பா: ஐயோ வேணாம் மாமா, தின்னர் பட்டா பிளாஸ்டிக்கே கரைஞ்சிடும். வெயில் வரட்டும், நல்லா காஞ்ச நாளா பாத்து கிளாஸ் இன்னொரு கோட் அடிச்சா பெரும்பாலும் அந்த வெள்ளை மறைஞ்சிடும்

7:58 தாத்தா: மழைல வார்னிஷ் அடிக்கிறவன எங்க சார்ஜ்மேன் செருப்பால அடிப்பாரு

8:02 வண்ணாரப்பேட்டை அத்தை: கணேசபுரம் சப்வேல தண்ணியாம். யாரும் அந்தப்பக்கம் போவாதீங்க

29/11 சனி

6:20 சீனு சித்தப்பா: (படம்)

6:20 சீனு சித்தப்பா: யாரு இது

6:21 சீனு சித்தப்பா: டெண்டர் பக்கம் உருகி இருக்கு. நேத்து நைட்டு படுக்கும்போது வெள்ளையா தான் இருந்துச்சு. நடுவுல ஒரு கட்டை விரல் ரேகை கூட பதிஞ்சி இருக்கு

6:24 ஜனனி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

6:24 ரமேஷ் மாமா: இன்னா கண்ணு டெலிட் பண்ண 👀

6:25 ஜனனி: ஒன்னும் இல்ல மாமா தப்பா டைப் ஆயிடுச்சு

6:31 விக்கி: ஜனனி உன் நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டில் டைனிங் டேபிள்ல இருக்கு, சித்தப்பா அனுப்புன படத்துலயே ஓரமா தெரியுது

6:32 ஜனனி: விக்கி அண்ணா உனக்கு வேற வேல இல்லையா

6:33 சீனு சித்தப்பா: ஜனனி நீயா?

6:38 ஜனனி: ஆமா நான் தான். சாரிப்பா

6:44 மலர் சித்தி: அவ இல்ல. நான் தான்

6:45 மலர் சித்தி: நீங்க மூனு வாரமா கண்ணு வலிக்க உக்காந்து பண்ணீங்க, நேத்து சாப்புடாம படுத்தீங்க, எனக்கு மனசு கேக்கல. தின்னர் தான வேணாம்னு சொன்னீங்க, இது நகத்துல போடுறது தானே மென்மையா இருக்கும்னு நெனச்சி பஞ்சுல தொட்டு தொடச்சேன். வெள்ளை போச்சி, கூட கறுப்பும் போச்சி, அப்புறம் அந்த தகடே கொழகொழன்னு ஆயி விரல் ஒட்டிக்கிச்சு. பயந்துட்டு வச்சிட்டேன். பாப்பா பாத்துட்டா, நான் சொல்லிக்கிறேன் அம்மான்னா

6:46 ரமேஷ் மாமா: 😶

7:15 சீனு சித்தப்பா: அதுல அசிட்டோன் இருக்கும் மலரு, அதுவும் பிளாஸ்டிக்க கரைச்சிடும். சரி விடு

7:16 மலர் சித்தி: கோவமா

7:16 சீனு சித்தப்பா: கோவம் தான். விடு. டீ போடு

7:30 ரமேஷ் மாமா: மச்சான் ஒரு யோசன. எங்கயோ மோதி பள்ளம் வுழுந்த டெண்டர்னு சொல்லிடு. மேல கொஞ்சம் துரு அடிச்சா இன்னும் சோக்கா இருக்கும்

7:34 தாத்தா: பள்ளம் அப்டி இருக்காது. அது வெந்த அப்பளம் மாரி இருக்கு. இரும்பு அப்டி வளையாது

7:35 ரமேஷ் மாமா: அப்ப இன்னா மாமா பண்றது

7:48 தாத்தா: ஒர்க்ஸ்ல தகடு போனா என்ன செய்வோம். போன தகட்ட வெட்டி எடுத்துட்டு புது தகடு வச்சி ரிவெட் (தகட்ட சேக்குற ஆணி) அடிப்போம். பேட்ச் போடு. மெல்லிசு பிளாஸ்டிக் தகடு இருக்கா

7:50 சீனு சித்தப்பா: இருக்கு நைனா. அரை மில்லி. பின்பக்கம் மொக்க ஊசியால அழுத்துனா முன்னாடி ரிவெட் தல மாதிரி புடைச்சிக்கும். ஆனா இந்த டெண்டர் வெல்டிங் டெண்டர், ரிவெட்டே வராது

7:52 தாத்தா: இங்கிலாந்துல வராது. இது பெரம்பூர்ல ரிப்பேர் ஆன எஞ்சின்

7:53 ரமேஷ் மாமா: 😂😂😂 தல

7:55 தாத்தா: ஸ்கேல் வச்சி கோடு போட்டுட்டு அடி. ரிவெட்டுக்கு ரிவெட்டு 1 மிமீ. கண்ணால அளக்காத

30/11 ஞாயிறு

5:20 சீனு சித்தப்பா: (படம்) பேட்ச் ரெடி. இன்னும் பெயின்ட் அடிக்கல, மழை நிக்கட்டும். மேல் வரிச நான், கீழ் வரிச மலரு

5:22 விக்கி: செமயா இருக்கு

5:23 ஜனனி: யாராவது எனக்கு புது ரிமூவர் பாட்டில் வாங்கி தருவீங்களா

5:25 ரமேஷ் மாமா: சூப்பரு மச்சான். சிஸ்டர் கை ராசி

5:41 தாத்தா: கீழ் வரிசைல இடது பக்கத்துலருந்து 7வது கோணல்

5:42 சீனு சித்தப்பா: நைனா அது மலரு முதல் தடவ பண்றா, 26 செமீ எஞ்சின்ல 1 மிமீ ரிவெட்டு, யாரு பாக்கப்போறா

5:43 தாத்தா: நான் பாத்தேன்

5:50 மலர் சித்தி: சரி மாமா. ஏங்க, அந்த மொக்க ஊசிய எங்க வச்சீங்க