கீழ் முன்பல் லேசா ஆடுது, கல்லை எடுத்தா கழன்றுடுமா?

தட்டோன் தம்பி (கேள்வி)
வயசு 43. கீழ் முன்பல்லில் நடு ரெண்டும் நாக்கால் தள்ளினா லேசா அசையுது. வலி இல்லை, ரத்தமும் ரொம்ப அபூர்வம். பல்லுக்குப் பின்னாடி பழுப்பா கல் மாதிரி கட்டியிருக்கு. குன்யா (இங்க மெல்லற வெற்றிலைப் பாக்கு மடிப்பு) ஒரு நாளைக்கு எட்டு, பத்து, புகையிலை போட்டது. சுகர் இதுவரை பார்த்ததில்லை. "அந்தக் கல்தான் பல்லைப் பிடிச்சிட்டிருக்கு, எடுத்தா கழன்றுடும்"னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்க. மருந்துக்கடையில் நாலஞ்சு மாத்திரை சேர்த்துக் கட்டித் தர்ற பொட்டலம் போதுமா?

யாங்கோன் அக்கா
தம்பி, முதல்ல நாக்கால் தள்ளிப் பார்க்கறதை விடுங்க. நாள் முழுக்கத் தள்ளினா அதுவே பல்லை அசைக்கும்.

எந்தப் பல்லும் எலும்போட ஒட்டி இருக்கறதில்லை. நடுவுல மெல்லிய நார்ப்படலம் இருக்கு. அதனால 0.1, 0.2 மில்லிமீட்டர் அசைவு எல்லாருக்கும் உண்டு. ஒத்தை வேர் உள்ள கீழ் முன்பல்லில் கொஞ்சம் கூடுதல், காலையில் எழுந்ததும் இன்னும் கூடுதல். கண்ணுக்குத் தெரிஞ்சு பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் வரை ஆடினா முதல் நிலை, அதுக்கு மேல போனா ரெண்டாம் நிலை. மேலேயும் கீழேயும் அமுங்கினா மூணாவது. விரல் நுனியே மெத்துன்னு இருக்கறதால விரலால் அளக்க முடியாது. டாக்டர் ரெண்டு கருவியோட உலோகக் காம்புக்கு நடுவுல பல்லை வெச்சு அசைச்சுப் பார்ப்பார்.

பெரியவங்க பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் தப்பு. கல் பக்கத்துப் பற்களைச் சேர்த்துக் கட்டி, ஆட்டத்தை மறைக்குது. அடியில கிருமி, ஈறு வீக்கம், எலும்பு கரையறது எல்லாம் ஓசையில்லாம நடக்குது. கல்லை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும், வீக்கம் வத்தி சந்து தெரியும், சில நாள் கூசும். சில வாரத்தில் ஈறு இறுகினா ஆட்டம் பெரும்பாலும் குறையும். ஆனா கரைஞ்ச எலும்பு தானா வளராது, அதனால தள்ளிப்போடாதீங்க.

மோல்மீன் அண்ணன்
ரத்தம் வரலைங்கறதை நம்பாதீங்க தம்பி. புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கலாம், நோய் இருந்தும் ரத்தம் வராம இருக்கலாம். குன்யாவோட சிவப்புக் கறை ஈறின் நிறத்தையும் மறைச்சிடும். புகையிலையை மட்டும் விட்டுட்டுப் பாக்கை மென்னா தப்பிச்சோம்னும் நினைக்காதீங்க. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவிலேயே வெச்சிருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு மூணு விரலை அடுக்கி வாயில் நுழைச்சுப் பாருங்க. நுழையலைன்னாலோ, கன்னத்துக்குள்ள வெள்ளைத் திட்டு இருந்தாலோ, ரெண்டு வாரம் ஆறாத புண் இருந்தாலோ, பல்லை விட அதை முதல்ல காட்டணும்.

மாத்திரைப் பொட்டலம் வேண்டாம். கல் இருக்கற இடத்தில் கிருமி மருந்து மட்டும் தின்னு பலன் இல்லை. அதுல என்ன மாத்திரை இருக்குன்னு விக்கறவருக்கே சொல்லத் தெரியாது!

தட்டோன் தம்பி
மூணு விரல் நுழையுது, திட்டு இல்லை. டாக்டர்கிட்ட போனா என்ன கேக்கணும்?

யாங்கோன் அக்கா
வெறும் "கிளீனிங்"னு சொல்லி வெளிப்பக்கம் மட்டும் பாலிஷ் பண்ணி அனுப்பினா ஏமாந்துடுவீங்க. ஒவ்வொரு பல்லைச் சுத்தி ஆறு இடத்தில் ஈறுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல உள்ள இடுக்கு) ஆழத்தை அளக்கச் சொல்லுங்க. 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை, 4 இல்லைன்னா அதுக்கு மேல இருந்தா ஈறுக்கு அடியில வேரையும் சுரண்டிச் சுத்தம் பண்ணணும். மரத்துப்போற ஊசி போட்டு, ரெண்டு மூணு முறையாச் செய்வாங்க. வேர் நுனி வரை தெரியற சின்ன எக்ஸ்ரே ஒண்ணு எடுக்கணும். எலும்பு வேரின் எவ்வளவு பாகத்தைப் பிடிச்சிருக்குன்னு அதுலதான் தெரியும். 6லிருந்து 8 வாரம் கழிச்சு மறுபடி அளக்கணும், அந்த ரெண்டு கணக்கையும் எழுதி வாங்கிக்கோங்க. சாப்பாட்டை மென்னு தின்ன முடியாத அளவுக்கு ஆட்டம் இருந்தா மட்டும் பின்னாடி கம்பியும் பசையும் போட்டுக் கட்டுவாங்க. கல் இருக்கும்போதே கட்டறது அழுக்கை மூடி வைக்கற மாதிரி.

சுகருக்கு ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரியைக் காட்டற ரத்தப் பரிசோதனை) பாருங்க. 6.5 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா சுகர் இருக்குன்னு அர்த்தம், அது கட்டுப்பாட்டில் இல்லைன்னா ஈறு ஆறறது சிரமம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, இதய வால்வு அறுவை நடந்திருந்தாலோ ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

மோல்மீன் அண்ணன்
வீட்டு வேலை: மிருதுவான பிரஷை 45 டிகிரி சாய்ச்சு ஈறு ஓரத்தில் வெச்சு, சின்னதா அசைச்சு, ரெண்டு நிமிஷம், ராத்திரி கட்டாயம். கீழ் முன்பல்லின் பின்பக்கத்துக்கு பிரஷை நெட்டுக்குத்தா நிமிர்த்துங்க. உமிழ்நீர்க் குழாய் அங்க திறக்குது, கல்லும் அங்கதான் முதல்ல கட்டும். பல் சந்துக்குத் தனிச் சின்ன பிரஷ் உண்டு. லேசா உரசிப் போகணும், திணிக்கக் கூடாது. உப்பும் கரியும் தேய்க்கற பழக்கம் இருந்தா விடுங்க, ஈறு விலகின இடத்தில் வேர் தேயும். குளோர்ஹெக்ஸிடின் (வாய் கொப்பளிக்கற கிருமிநாசினி) 0.2 சதவீதம் டாக்டர் எழுதினா 10 மில்லி, ஒரு நிமிஷம் கொப்பளிச்சுத் துப்பணும், பல் தேய்ச்சு அரைமணி கழிச்சு, ரெண்டு வாரம் மட்டும். குன்யா போடறவங்களுக்குக் கறை இன்னும் கறுக்கும்.

இன்னொண்ணு, கீழ்ப்பல் வெளிப்பக்கம் விரலை வெச்சு மெதுவா பல்லைக் கடிங்க. கடிக்கும்போது ரெண்டு பல்லும் விரலில் அதிருதா?

தட்டோன் தம்பி
இடப்பக்கப் பல் மட்டும் அதிருது அண்ணே. போன வருஷம் மேல்பல்லுக்கு அடைச்சாங்க.

மோல்மீன் அண்ணன்
அந்த அடைப்பு உசரமா நின்னு கீழ்ப்பல்லை இடிக்குதோ என்னமோ. கடிப்புத் தாளை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க, நிறம் அழுத்தமாப் பதியற இடத்தைத் துளி தேய்ச்சாப் போதும். வீக்கம், சீழ், காய்ச்சல் வந்தா மட்டும் அன்னைக்கே ஓடுங்க.