பீலித் தண்ணீரில் துணி துவைப்பது: சலவைத்தூளுக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டை சரிவருமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பெண்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) பன்னிரண்டு காம்பராக்களுக்கும் ஒரே பீலிதான் (மலைநீர் விழும் குழாய்). துவைத்த தண்ணீர் கல்லிடுக்கில் இறங்கி, நுரையோடு ஓடையில் விழுந்து, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான பணியக்கணக்குப் பக்கம் போகிறது. அங்குள்ளவர்கள் அதே தண்ணீரைத்தான் கீரைப் பாத்திக்கு இறைக்கிறார்கள் என்பது, சென்ற மாதம் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

கொழுந்து பறிக்கும் அம்மா இடுப்பில் கட்டும் படங்கில் ஏறிய தேயிலைக் கறையைப் போக்குவதற்காகத் தூளைக் கைநிறைய அள்ளிப் போட்டு, அதற்கும் அசையாவிட்டால் பிளீச் ஊற்றுகிறோம். கறை போவதில்லை, அம்மாவின் விரலிடுக்குகள்தாம் வெடித்துப் போயின. தோட்டத்தில் மருந்தடிக்கும் தம்பியின் உடுப்பையும் இதே வாளியில்தான் ஊற வைக்கிறோம். மழைக்காலத்தில் எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துகிறோம். தூளை அடியோடு விட்டுவிட்டுப் பூந்திக்கொட்டைக்கு மாறலாமா?

பதில் 1: ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், டிக்கோயா

மகளே, எதற்கு மாறுவது என்பதை விட, இப்போது போடும் அளவு தேவைதானா என்பதை முதலில் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணறுகளில் இருப்பது வன்னீர், அதாவது சுண்ண உப்புகள் மிகுதியாகக் கரைந்த தண்ணீர்; அதில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து போகும். நம் மலைகளில் பாறையிடுக்கிலிருந்து வரும் பீலித் தண்ணீரோ பெரும்பாலும் அந்த உப்புகள் குறைந்த மென்னீர். தண்ணீரின் வன்மையை அடக்குவதற்கென்றே தூளில் சேர்க்கப்படும் உப்புகளுக்கு இங்கே வேலை குறைவு என்பதால், அவற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுத்து ஓடையில் கரைக்கிறோம். அந்த உப்பு பொசுபேற்றாக இருந்தால், தேங்கிய நீரில் பாசிக்கு அதுவே உரமாகிவிடும். உங்கள் ஓடை கெசல்கமு ஓயாவில் சேர்ந்து, காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. கொழும்புக்கான குடிநீரை அம்பத்தளையில் எடுப்பதும் அந்தக் கங்கையிலிருந்துதான்.

எனவே இப்போது போடுவதில் பாதியைக் கரண்டியால் அளந்து, குளிர்ந்த தண்ணீரில் தூள் சரியாகக் கரையாது என்பதால் ஒரு கோப்பை வெந்நீரில் கரைத்து, அதன் பிறகு வாளியில் ஊற்றுங்கள். இரண்டாம் அலசலிலும் நுரை நின்றால் இன்னும் குறைக்கலாம் என்று பொருள். மென்னீரில் பழைய கட்டிச் சவர்க்காரமே நன்றாக வேலை செய்யும்.

சலவைத்தூள் காரத்தன்மை உள்ளது; தேயிலைக் கறை காரத்தில் கருக்கும். தேநீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவைப் போட்டுப் பாருங்கள், நிறம் உடனே இருண்டுவிடும். தூளைக் கூட்டியும் படங்கு வெளுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். துவைப்பதற்கு முன் கறையில் தேசிக்காய்ச் சாற்றைத் தேய்த்து அரை மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள். துருப்பிடித்த வாளி வேண்டாம். இரும்பு பட்டால் கறை மை போலாகும். ஆனால் தேசிக்காயோ வினாகிரியோ பட்ட துணியில் பிளீச்சை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரீன் வாயு கிளம்பும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு கலந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பூந்திக்கொட்டை துணிக்கும் கைக்கும் மென்மையானதுதான். இருந்தாலும் அதன் நுரைக்குக் காரணமான சபோனின் மீனின் செவுளைத் தாக்கக்கூடியது. அந்தக் காலத்தில் குளத்தில் மீன் மயக்கவும் இத்தகைய காய்களைப் பயன்படுத்தியதுண்டு. இயற்கைப் பொருள் என்பதற்காக அதையும் நேரே ஓடையில் விடக் கூடாது.

பதில் 2: மஸ்கெலியா அக்கா

தங்கச்சி, தம்பியின் உடுப்பை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். என் வீட்டுக்காரரும் மருந்தடிப்பவர்தான். அவர் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) ஏறுவதற்கு முன்பே உடுப்பைக் கழற்றித் தனிப் பையில் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மீற முடியாத சட்டம். அன்றைக்கே இறப்பர்க் கையுறையோடு, தனி வாளியில் முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு சூடான தண்ணீரும் தூளும் போட்டு இருமுறை துவைப்பேன். தூளைக் குறைக்கும் கணக்கை இதில் மட்டும் பார்ப்பதில்லை. அந்தத் தண்ணீரைப் பீலிக்கரையில் கொட்டுவதும் இல்லை. கலக்காத மருந்து உடுப்பில் கொட்டி ஊறிவிட்டால், எவ்வளவு துவைத்தாலும் நம்ப முடியாது; அதைக் கழித்துவிட வேண்டியதுதான்.

அடுப்புக் கயிறும் வேண்டாம். அக்ரிலிக் சுவெட்டர் ஒன்று நெருப்பில் விழுந்தால் உருகிக்கொண்டே எரியும். கூரை ஒன்றாக உள்ள லயத்தில் அது ஒரு காம்பராவோடு நிற்காது. நாங்கள் இஸ்தோப்பின் ஓரத்தில் பொலித்தீன் சாய்ப்பு ஒன்று இறக்கி, காற்று ஊடாடும்படி இரு பக்கத்தையும் திறந்து விட்டிருக்கிறோம். பிழிந்த துணியைக் காய்ந்த துவாயில் சுருட்டி ஒருமுறை முறுக்கிவிட்டுப் போட்டால், மூன்று நாள் ஈரம் இரண்டு நாளில் போய்விடும்.

பதில் 3: அட்டன் வாசகர்

பீலிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி, சுற்றிலும் கல்வாழை நட்டால் நுரைத் தண்ணீர் ஓடைக்குப் போகாதே?

பதில் 4: ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், டிக்கோயா

சமதரையில் நல்ல யோசனை. லயத்துக்குப் பின்னால் வெட்டிய சரிவிலோ மேட்டின் விளிம்பிலோ அதைச் செய்யாதீர்கள். சரிவுக்குள் தண்ணீர் ஊறுவதுதான் மண்சரிவுக்கு வழி. அப்படிப்பட்ட இடத்தில் கானை (வடிகாலை) நேராக்கி, தண்ணீரைத் தேங்காமல் தட்டையான இடம் வரை கொண்டுபோய், அங்கே கல்வாழையை நடலாம்.

கேள்வி கேட்டவர்: பொகவந்தலாவைப் பெண்

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பாதித் தூளில் துவைத்துப் பார்த்தேன். இரண்டாம் வாளியில் நுரை இல்லை. படங்கில் தேசிக்காய் தேய்த்ததில் கறை முழுதாகப் போகவில்லை, ஆனால் கறுப்பு மங்கிப் பழுப்பாகியிருக்கிறது. தம்பிக்குத் தனி வாளி வாங்கியாயிற்று. பீலியடி சரிவு என்பதால் குழி வெட்டவில்லை. கானை நேராக்க மற்றக் காம்பராக்காரர்களையும் கூப்பிட வேண்டும். அதில் நான்கு வீட்டார் இதுவரை சம்மதித்திருக்கிறார்கள்.