ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க முடியுமா?

கேள்வி: ஒரு தளத்தில் ஒரு பக்கத்தை மட்டும் முடக்கச் சொல்லி உத்தரவு வந்தால், இணையச் சேவை நிறுவனம் அதைச் செய்ய முடியுமா?

பதில் 1: எச்டிடிபிஎஸ் (https, மறையாக்கம் செய்த இணைப்பு) தளமென்றால் முடியாதுங்க. பக்க முகவரி மறையாக்கத்துக்குள் போய்விடும். பொதுவாக டொமைன் பெயர் (தளத்தின் பெயர்) மட்டுமே வெளியே தெரியும். அதனால் முழுத் தளமும் அடைபடும். ஐபியை (சர்வரின் எண் முகவரியை) அடைத்தால் இன்னும் மோசம், அதே ஐபியில் இருக்கும் சம்பந்தமில்லாத தளங்களும் சேர்ந்து விழும்.

பதில் 2: டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் அமைப்பு) வழித் தடுப்பு மலிவு, நிறுவனத்தின் ரிசால்வரில் (அந்த எண்ணைத் தேடித் தரும் சர்வரில்) ஒரு வரி போதும். பயனர் ரிசால்வரை 8.8.8.8 (கூகுளின் பொது ரிசால்வர்) என மாற்றினால் பெரும்பாலும் தடுப்பைத் தாண்டிவிடுவார்.

பதில் 3: ரூட்டிங்கில் (டேட்டா போகும் வழியைத் தீர்மானிக்கும் அமைப்பில்) அடைப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபை உள்ளூரில் அடைக்க 208.65.153.0/24 (யூடியூபின் ஐபி முகவரிகளில் ஒரு தொகுதி) வழித்தடத்தை அறிவித்தது. அது அவர்களுக்கு இணைப்பு தரும் மேல்நிலை நிறுவனம் வழியே கசிந்து, உலகெங்கும் பலருக்கு சுமார் 2 மணி நேரம் யூடியூப் நின்றது. நோ-எக்ஸ்போர்ட் குறியும் (வழித்தடத்தை வெளியே பரப்பாதே எனச் சொல்வது), வெளிச்செல்லும் பக்கம் ஃபில்டரும் (வடிகட்டி) கட்டாயம் போடுங்கள்.