பஸ் மறியலுக்கு அம்பேத்கர் சாட்சியா?

தேவகோட்டை வாத்தியார்:
காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆனதுல இருந்து, சுத்துப்பட்டு ஊராட்சிகளை அதோட சேக்குற பேச்சு வந்தாலே மறியல்தான். போன வாரமும் ஒரு ஊர்ல ரோட்டுல உக்காந்துட்டாக. பஸ்ஸுக்குள்ள கைப்பிள்ளையோட பொம்பளைக, ஆஸ்பத்திரிக்குப் போற வயசாளிக, எல்லாரும் வெயில்ல வெந்தாக. முன்வரிசையில பிடிச்சிருந்தது அம்பேத்கர் படம். அதுதான் எனக்கு உறுத்துச்சு. 1949 நவம்பர் 25ல அரசியல் நிர்ணய சபையில அவர் பேசுனதைப் படிங்க. ரத்தப் புரட்சியை மட்டுமில்ல, சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் எல்லாத்தையும் கைவிடணும்னார். சட்டப்படியான வழி திறந்திருக்கையில இதுக்கெல்லாம் நியாயமே கிடையாது, இது அராஜகத்தின் இலக்கணம்னு பேரும் வச்சார். படத்தைப் பிடிக்கிறவுக பேச்சையும் பிடிக்கணுமில்ல?

கோட்டையூர் வக்கீல்:
ஐயா, வணக்கம். அதே பத்தியில முந்தின வரியை விட்டுட்டீங்க. சட்டப்படி வழியே இல்லாத காலத்துல அந்த மாதிரிப் போராட்டத்துக்கு நிறையவே நியாயம் இருந்துச்சுன்னும் சொல்லியிருக்கார். அப்ப பாக்கவேண்டியது வழி திறந்திருக்கா இல்லையாங்கிறதைத்தான். அஞ்சு வருஷம் முடியுறதுக்குள்ள உள்ளாட்சித் தேர்தலை முடிக்கணும்னு சாசனத்துல 243 இ பிரிவு இருக்கு. நம்ம மாநிலத்துல 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சுது, ஊராட்சித் தேர்தல் வந்தது 2019 டிசம்பர்ல. அப்படி வந்தவுக காலமும் 2025 ஜனவரியில முடிஞ்சு, தனி அலுவலர் வந்து உக்காந்தார். ஊர் ஓட்டுப் போட்டு அனுப்புன ஆளே இல்லாதப்ப, ‘எங்க ஊரைக் கலைக்காதீங்க’ன்னு யார் வழியாச் சொல்றது? வாசக்கதவைப் பூட்டிட்டு வாசல் வழியா வான்னா எப்படி?

சிங்கப்பூர்க் காரைக்குடியான்:
தம்பி, எம்எல்ஏ இருக்கார், எம்பி இருக்கார், ஹைகோர்ட்டோட மதுரைக் கிளை ரெண்டு மணி நேரத் தொலைவுல இருக்கு. எந்தக் கதவைப் பூட்டுனாங்க?
அடுத்தது, ஊர் பேரைச் சொல்லிப் பேசுறீங்க. 1948 நவம்பர் 4ல வரைவுச் சாசனத்தை முன்வச்சுப் பேசையில அம்பேத்கர் கிராமத்தைப் பத்தி என்ன சொன்னார்? சாக்கடைன்னார். அறியாமையும் குறுகின புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கிற குகைன்னார். வரைவுல கிராமத்தை விட்டுட்டுத் தனிமனுஷனை அலகா எடுத்துக்கிட்டதுல சந்தோஷம்னும் சொன்னார். பஞ்சாயத்து 40ஆவது பிரிவா உள்ள வந்ததே மத்தவுக திருத்தம் கொண்டாந்ததாலதான். நம்ம தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவி கோயில் தேரைத்தான் பாருங்களேன். வடம் எந்தச் சாதி பிடிக்கிறதுங்கிற தகராறுல தேர் எத்தனை வருஷம் நிலையிலயே நின்னுச்சு? 2024ல ஓடுனது கோர்ட் சொல்லி, போலீஸ் நின்னு. ஊர் கூடி முடிவு பண்ணட்டும்னு விட்டிருந்தா இன்னைக்கும் நின்னிருக்கும்.
(எங்க ஐயா கட்டுன வீடு பூட்டித்தான் கிடக்கு. மாநகராட்சியோட சேத்தா அதுக்கும் வரி ஏறும். தெரிஞ்சுதான் சொல்றேன்.)

புதுவயல் மருமக:
வரி ஏறுனா அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து அனுப்பிருவீங்க. எங்க அத்தைக்கு நூறு நாள் வேலை ஊராட்சியா இருக்கிற வரைக்கும்தான், மாநகராட்சியில அந்தத் திட்டமே கிடையாது. போன வருஷம் ஊரணி வரத்துக்கால் வெட்டுனது பூராவும் எங்க தெருப் பொம்பளைகதான். ரோட்டுல உக்காந்ததும் அவுகதான்.
அவர் கிராமத்தைத் திட்டுனார், சரி. எங்களைப் போல ஆளுகளைக் கிராமம் அமுக்கி வச்சதுக்காகத் திட்டுனார். அதே வரியை எடுத்துட்டு வந்து எங்க கூலியைப் பிடுங்குறது எந்த ஊர் நியாயம்? வாத்தியார் சொன்ன அதே பேச்சுல இதுவும் இருக்கே: 1950 ஜனவரி 26ல இருந்து நாம முரண்பாடான வாழ்க்கைக்குள்ள போறோம், ஓட்டுல எல்லாரும் சமம், சமூகத்துலயும் பொருளாதாரத்துலயும் சமமில்ல. சீக்கிரம் சரிபண்ணலைன்னா, இந்தச் சபை கட்டுன ஜனநாயகத்தையே பாதிக்கப்பட்டவுக தகர்த்துருவாகன்னு சொன்னாரே. அதை ஏன் யாரும் போஸ்டர் அடிக்க மாட்டேங்குறீக?

கோட்டையூர் வக்கீல்:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். தாழ்த்தப்பட்டவுகளைத் தண்ணி எடுக்க விடாத மகாட் சவுதார் குளத்துல 1927ல இறங்கித் தண்ணி அள்ளிக் குடிச்சவர் அவர். 1930ல நாசிக் காலாராம் கோயில் வாசல்ல சத்தியாகிரகம் தொடங்குனவரும் அவர்தான்.

தேவகோட்டை வாத்தியார்:
மகாட் எனக்குத்தாம்ப்பா சாட்சி, உனக்கில்ல. பொதுக் குளம் எல்லாருக்கும் பொதுன்னு பம்பாய் சட்டசபை 1923ல தீர்மானம் போட்டுச்சு, மகாட் நகராட்சி 1924ல அதை ஏத்துக்கிச்சு. இருந்த உரிமையைத்தான் அவர் போய் எடுத்தார். எதிர்த் தரப்பு தடையாணை வாங்குனதும் டிசம்பர்ல என்ன பண்ணுனார்? ஆயிரக்கணக்குல ஆள் கூடியிருந்தும் தண்ணி எடுக்குறதைத் தள்ளி வச்சார். வழக்கை நடத்தி 1937ல பம்பாய் ஹைகோர்ட்ல ஜெயிச்சார். கூட்டம் கையில இருக்கையில கோர்ட் உத்தரவுக்கு நின்ன மனுஷன் அவர். நம்ம ஆளுக ஒரு தடவையாவது கோர்ட் படி ஏறுனாகளா?

கோட்டையூர் வக்கீல்:
பத்து வருஷம் ஐயா! மகாட்ல குளம் அங்கேயே கிடந்துச்சு. இங்க அரசாணை வந்துட்டா மறுநாள் ஊராட்சியே இருக்காது.

செக்காலை ரோடு:
ரெண்டு தரப்பும் அவரையே சாமியாடியாக்கி வாக்குக் கேக்குறீங்க. அரசியல்ல பக்தி சீரழிவுக்கும் கடைசியில சர்வாதிகாரத்துக்கும் வழின்னு சொன்னதும் அதே நவம்பர் 25தான். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தனித் தேசம் மாதிரி, முந்தின தலைமுறை அடுத்ததைக் கட்டிப்போட முடியாதுன்னு அமெரிக்கத் தலைவர் ஜெபர்சன் சொன்னதை எடுத்துப் பேசி, அதை முழுசா ஒத்துக்கிட்டவரும் அவர்தான். 1949ல சொன்னதை வச்சு இன்னைக்குப் பஸ்ஸை விடலாமா மறிக்கலாமான்னு தீர்ப்பு எழுதுனா அவரே சிரிப்பார்.

தேவகோட்டை வாத்தியார்:
அவர் பேரை எடுத்துருங்க, எனக்கு ஒண்ணுமில்ல. காரணம் நிக்குதா பாருங்க. இன்னைக்கு நூறு நாள் வேலைக்கு மறிச்சா நாளைக்கு எவனோ ஒரு சாதிச் சங்கம் தேரை நிறுத்துறதுக்கு மறிப்பான். எதை வச்சு அவனைக் கேப்பீக?

சிங்கப்பூர்க் காரைக்குடியான்:
இதுக்கு வக்கீல்கிட்ட பதில் இருக்காது.

கோட்டையூர் வக்கீல்:
இருக்கு. இவுக கேக்குறது தங்களுக்கு இருக்கிறதைப் பறிக்காதேன்னு. அவன் கேக்குறது அடுத்தவனுக்குக் குடுக்காதேன்னு. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க என்னால முடியாது.

தேவகோட்டை வாத்தியார்:
மறிக்கிற அன்னைக்கு இந்த வித்தியாசத்தை யார் அளக்குறது? சரி, அது கிடக்கட்டும். புதுவயல் பிள்ளை, ஆட்சேப மனு எழுதிக் குடுத்தாகளா? நகல் இருந்தா போடும்மா.

புதுவயல் மருமக:
நகல் இருக்கு ஐயா. மூணு பக்கம், கைநாட்டு உட்பட. அலுவலகத்துல வாங்கி வச்சுக்கிட்டாக, வாங்குனதுக்குச் சீல் வச்சுத் தரலை. சீல் கிடைச்சது மறியல் அன்னைக்கு, ரோட்டுல வச்சு, ஒரு அதிகாரி ஜீப்ல வந்து இறங்குன பெறகு.

தேவகோட்டை வாத்தியார்:
அப்ப சீல் வைக்காதவுக அலுவலக வாசல்ல போய் உக்காந்திருக்கணும். பஸ்ஸுக்குள்ள இருந்த கைப்பிள்ளைக்காரி என்னம்மா பண்ணுனா?