ரைஃபிள் தோட்டா மறுநிரப்பல்: எந்தப் பித்தளை உறையை வாங்குவது?

கேள்வி:
.308 வின்செஸ்டர் ரைஃபிளில் 300 மீட்டர் இலக்குப் பயிற்சிக்காகத் தோட்டாக்களை நானே நிரப்பத் தொடங்கியிருக்கிறேன். கடைத் தோட்டாக்களைச் சுட்டபின் சேர்த்துவைத்த பல நிறுவனங்களின் உறைகளும், இராணுவம் கழித்த 7.62 நேட்டோ உறைகள் சிலவும் கையிருப்பில் உள்ளன. லாபுவா நிறுவனத்தின் புதிய உறைகளின் விலை தயங்க வைக்கிறது. இருப்பவற்றைத் தரம்பிரித்தாலே போதுமா? ஓர் உறையின் தரத்தை எதைப் பார்த்து முடிவுசெய்வது?

மறுமொழி 1:
தரம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சீர்மைதான். நேட்டோ உறைகளின் சுவர் பெரும்பாலும் தடிமனாக இருப்பதால் உள்கொள்ளளவு குறைகிறது. சாதாரண உறைக்குப் பொருந்திய அதே பவுடர் அளவை அதில் இட்டால் அழுத்தம் கூடிவிடும். எனவே அடிப்பகுதி முத்திரையைப் பார்த்து முதலில் உறைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். உறை மாறும்போதெல்லாம் மறுநிரப்பல் கையேடு தரும் தொடக்கப் பவுடர் அளவிலிருந்தே மீண்டும் ஏறி வாருங்கள். உள்ளே இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டான் வகை, வழக்கமான டையில் (உறையை அழுத்தி வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு) பழைய பிரைமரை (பவுடரைப் பற்றவைக்கும் அடிப்பகுதிச் சிறு மூடி) வெளியே தள்ள முடியாது, ஒதுக்கிவிடலாம்.

எடையை வைத்துப் பிரிப்பதைப் பலர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, ஏனெனில் எடை வேறுபாடு அடிவிளிம்பின் பள்ளத்திலும் இருக்கக்கூடும். சுட்ட உறையைப் பழைய பிரைமரை எடுக்காமல் எடைபோட்டு, விளிம்புவரை நீர் நிரப்பி மீண்டும் எடைபோட்டால் கொள்ளளவே நேரடியாகக் கிடைத்துவிடும். கழுத்துச் சுவரின் தடிமனைப் பந்துமுனை மைக்ரோமீட்டரால் நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். வேறுபாடு 0.001 அங்குலத்துக்குள் இருந்தால் நல்ல உறை, 0.002 அங்குலத்தைத் தாண்டினால் துல்லியத் தேவைக்கு அதை நான் எடுப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. லாபுவா உறைகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்கிறதே, அது குறைபாடா?

மறுமொழி 2:
குறைபாடு இல்லை, அனீலிங், அதாவது சூடாக்கி இளக்குதல், செய்ததன் தடயம். வேறு சில நிறுவனங்கள் அதை மெருகேற்றி அழித்துவிட்டு விற்கின்றன. உறைக்கான பித்தளையில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் இருக்கும். சுடும்போதும் டையில் அழுத்தும்போதும் அது மேலும் மேலும் இறுகிக்கொண்டே போகும் என்பதால், கழுத்தைச் சூடாக்கி இளக்காவிட்டால் நாளடைவில் விரிசல் விடும். அடிப்பகுதி மட்டும் ஒருபோதும் இளகக் கூடாது. பிரைமரை அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி இறங்கினால் அது அமரும் குழி தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த உறையை அன்றே கழித்துவிட வேண்டும்.

அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையும் தவிர்த்துவிடுங்கள். அக்காலத்து இந்தியாவில் ஆங்கிலேயப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் விரிசல் விட்டதற்குக் குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது.

மறுமொழி 3:
300 மீட்டர் பயிற்சிக்கு லாபுவா கட்டாயம் என்பதை நான் ஏற்கவில்லை. ஸ்டார்லைன் போன்ற நிறுவனங்களின் இடைநிலை விலை உறைகளை ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து மொத்தமாக வாங்குவதே போதுமானது. விலையை ஓர் உறைக்கு இவ்வளவு என்று பார்க்காமல், ஒரு முறை சுடுவதற்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பிரைமர் குழி உறுதியாக நிலைக்கும் உறை அந்தக் கணக்கில் மலிவாகிவிடும்.

நேட்டோ உறைகளை நான் தொடவே மாட்டேன். அவை இயந்திரத் துப்பாக்கியின் தளர்வான அறையில் சுடப்பட்டிருந்தால் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலிந்திருக்கும். வெளியே பளபளப்பான வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டாலும், முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடியிலிருந்து மேலாக இழுங்கள். ஓரிடத்தில் முனை பள்ளத்தில் விழுவதுபோல் தட்டுப்பட்டால், அந்த உறை அடுத்த முறை இரண்டாக அறுந்துபோகக்கூடும். புதிய உறைகளுக்கும் இதே கதி வராமலிருக்க, டையைச் சரிசெய்யும்போது தோள்பகுதியை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 0.002 அங்குலத்துக்கு மேல் பின்தள்ளாதீர்கள்.