பாலக்கோடு ரிங்: எம்பிஎல்எஸ் போட்டா வீடியோ கால் வெட்டாம ஓடுமா?

பாலக்கோடு_ஃபைபர்:
எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோட்டுல கேபிள் டிவியோட சேத்து இன்டர்நெட்டும் குடுக்கறோம். மெயின் லைன் கிருஷ்ணகிரியில எடுக்கறோம். அங்கிருந்து காவேரிப்பட்டணம் வழியா ஒரு ஃபைபர் வருது. காரிமங்கலம், தர்மபுரி சுத்தி இன்னொண்ணு. ரெண்டும் ஒரு ஜிகாபிட். மைக்ரோடிக் ரவுட்டர், அதுல ஓஎஸ்பிஎஃப் (பாக்கெட் போற பாதையைத் தானா தேர்ந்தெடுக்கற முறை) ஓடுது.

பகல்ல ஒரு புகாரும் வராது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல காவேரிப்பட்டணம் லைன் முட்டிக்குது. பெங்களூருல வேலை பாக்கற பிள்ளைங்க வீட்டுக்கு வீடியோ கால் பேசற நேரம் அது. படம் அப்படியே நின்னுடுது, குரல் துண்டு துண்டா வருது. கிருஷ்ணகிரி ரவுட்டருக்கு பிங் (பாக்கெட் போய்த் திரும்பற நேரத்தை அளக்கறது) போட்டா 2 மில்லி செகண்ட் வர்றது 90, 100னு குதிக்குது. தர்மபுரி பக்கத்து லைன் அந்நேரத்துலயும் காத்து வாங்குது. எம்பிஎல்எஸ் (பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டி, அதைப் பாத்து அனுப்பற முறை) போடுங்க, பாக்கெட் சீக்கிரம் போகும்னு ஒருத்தர் சொல்றார். போடலாமா?

பர்கூர்_டெக்:
தாராளமா போடுங்க நண்பா. ஒவ்வொரு ரவுட்டரும் ஐபி டேபிளைத் துழாவ வேண்டாம், லேபிளைப் பாத்து மாத்தி அனுப்பிடும். வேகம் தானா வரும்.

ஓசூர்_ரவுட்டிங்:
தம்பி, கொஞ்சம் பொறுங்க. பர்கூர் நண்பர் சொல்றது 1990கள்ல நியாயமான பேச்சு. அப்போ ரவுட்டர்ல ஐபி முகவரி தேடறது பெரும்பாலும் சாஃப்ட்வேர் வேலை. 20 பிட் லேபிளை நேரா டேபிள்ல பாக்கறது சுலபமா இருந்துச்சு. 2001 ஜனவரியில ஆர்எஃப்சி 3031ங்கற இன்டர்நெட் தர ஆவணம் வந்து எம்பிஎல்எஸ் தரமானப்பவே, பெரிய ரவுட்டர்கள்ல ஐபி தேடலும் சிப்புக்குப் போயிருந்துச்சு. தேடற நேரம் மைக்ரோ செகண்ட் கணக்கு. உங்க பிங் 100 மில்லி செகண்ட் ஏறுது. அது கியூ. ஒரு ஜிகாபிட் லைன்ல 100 மில்லி செகண்ட்னா 12.5 மெகாபைட் பாக்கெட் வரிசையில நிக்குதுன்னு அர்த்தம். லேபிள் ஒட்டினாலும் அதே வரிசையிலதான் நிக்கணும்.

பேச்சுக்கு வேண்டியது ரொம்ப சொற்பம். ஜி.711 கோடெக்ல (குரலை டிஜிட்டலா மாத்தற முறை) 20 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட், ஹெட்டரோட 200 பைட், ஒரு திசைக்கு 80 கிலோபிட். யூடியூப் முன்கூட்டியே இறக்கி வச்சுக்கும், கொஞ்சம் தாமதிச்சா யாருக்கும் தெரியாது. பேசறவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு வழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள்ள இருக்கட்டும்னு ஐடியூவோட (சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு) ஜி.114 பரிந்துரை சொல்லுது. அதுல 100ஐ உங்க ஒத்தை லைனே தின்னுடுது.

அதனால முதல் வேலை கியூ. முட்டறது இறங்குற திசை, அதாவது கிருஷ்ணகிரி ரவுட்டர் வெளிய தள்ற இடம். அங்க க்யூ ட்ரீ (மைக்ரோடிக்ல வரிசையைக் கட்டுப்படுத்தற வசதி) போட்டு 950 மெகாபிட்டுக்கு மட்டுப்படுத்துங்க, அப்பதான் வரிசை உங்க கைக்குள்ள நிக்கும். வெளியிலிருந்து வர்ற டிஎஸ்சிபியை (ஐபி பாக்கெட்ல இருக்கற முன்னுரிமை எண்) நம்பாதீங்க, பெரும்பாலும் சுழியாதான் வரும். வீடியோ கால் போற யுடிபி போர்ட் 3478, ஜூமுக்கு 8801 முதல் 8810 வரைன்னு நீங்களே பிரிச்சு டிஎஸ்சிபி 46 போடுங்க. அதுக்கு முதல் வரிசை குடுங்க. இதுக்கு எம்பிஎல்எஸ் தேவையே இல்ல.

எம்பிஎல்எஸ் நிஜமா உதவற இடம் உங்க தர்மபுரி லைன். ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் குறைஞ்ச பாதையிலயே எல்லாத்தையும் கொட்டும், லைன் நிறைஞ்சிருக்கான்னு பாக்காது. ஆர்எஸ்விபி-டிஇ டனல் (நாமளே பாதை குறிச்சுக் கட்டற லேபிள் வழி) ஒண்ணு கிருஷ்ணகிரியிலிருந்து காரிமங்கலம், தர்மபுரி வழியா கட்டி, வாடிக்கையாளர் சப்நெட்ல (ஐபி முகவரித் தொகுதி) பாதியை அதுல விடுங்க. சுத்து வழியாச்சேன்னு யோசிக்காதீங்க. ஃபைபர்ல கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ செகண்ட். 100 கிலோமீட்டர்னே வச்சாலும் அரை மில்லி செகண்ட்தான்.

டனல் ஒரு வழிப் பாதை, திரும்பி வர தனியா இன்னொண்ணு கட்டணும். அதுல பேண்ட்வித் ஒதுக்கறது நோட்டுல எழுதற கணக்கு மாதிரி. 300 மெகாபிட்னு எழுதிட்டு 600 அனுப்பினா, கியூ இல்லாட்டி யாரும் தடுக்க மாட்டாங்க.

ஊத்தங்கரை_ஒயர்:
ஓசூர் அண்ணன் சொன்னதோட எம்டியூவையும் (லைன் தாங்கற அதிகபட்ச பாக்கெட் அளவு) பாத்துக்கோங்க. ஒரு லேபிள் 4 பைட், ரெண்டு அடுக்கினா 8. 1500 பைட் பாக்கெட் 1508 ஆகும். நடுவுல பழைய மீடியா கன்வெர்ட்டரோ (ஃபைபரையும் செம்பு கேபிளையும் இணைக்கற பெட்டி) சின்ன ஸ்விட்சோ இருந்தா பெரிய ஃபிரேமை சத்தமில்லாம கீழே போட்டுடும். பிங் போகும், பேச்சு போகும், வெப்சைட் மட்டும் சுத்திக்கிட்டே நிக்கும். வாடிக்கையாளரை டனலுக்கு மாத்தறதுக்கு முன்னாடி, 1500 பைட் பிங்கை டிஎஃப் (பாக்கெட்டைத் துண்டாக்காதேங்கற குறி) போட்டு டனல் வழியா அனுப்பிப் பாருங்க.

இன்னொண்ணு. லேபிளுக்குள்ள 3 பிட் ட்ராஃபிக் கிளாஸ் இருக்கு, பழைய பேர் எக்ஸ்பி. மைக்ரோடிக்ல செட்-ப்ரயாரிட்டி மூலமா டிஎஸ்சிபியோட மேல் 3 பிட்டை அதுல ஏத்தலாம், 46 அங்க 5 ஆகும். ஆனா கடைசிக்கு முந்தின ரவுட்டர் லேபிளைக் கழட்டிடும். உங்க டனல்ல அது தர்மபுரி. அங்கிருந்து பாலக்கோடு வரைக்கும் வெறும் ஐபி. அந்த லைன்ல கியூவை டிஎஸ்சிபி பாத்துதான் போடணும்.

பாலக்கோடு_ஃபைபர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணா. கிருஷ்ணகிரி ரவுட்டர்ல கியூ போட்டாச்சு. நேத்து ராத்திரி லைன் முட்டி நின்னப்பவும் 46 போட்ட பிங் 3, 4 மில்லி செகண்டுக்கு மேல போகல. மார்க் இல்லாதது இன்னும் 90 காட்டுது. டனலுக்கு முன்னாடி காரிமங்கலத்துல இருக்கற மீடியா கன்வெர்ட்டரை மாத்தணும், அது மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல 1522 பைட் வரைக்கும்னு போட்டிருக்கு. ரெண்டு லேபிளுக்கு 1526 வேணும் இல்லீங்களா?

ஊத்தங்கரை_ஒயர்:
ஆமா. 1508 மேல ஈத்தர்நெட் ஹெட்டரும் எஃப்சிஎஸ்ஸும் (கடைசியில வர்ற பிழை சரிபார்ப்பு) சேந்து 18 பைட். ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தை விடப் பெரிய ஃபிரேம்) தாங்கறதா பாத்து வாங்குங்க, விலேன் (VLAN, ஒரே லைனைத் தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கற குறி) சேந்தா இன்னொரு 4 கூடும்.